தொட்டியில் ஒளிந்து வாழும் மீன்

மாணவர்களே, மீன் தொட்டியின் கண்ணாடியை வாயால் பற்றிக்கொண்டு அசையாது நிற்கும் கருநிற மீனை நீங்கள் கண்டிருப்பீர்கள். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது, நம் கெளுத்திக்கு உறவான மீனாகும். செதில்களுக்கு மாற்றாக எலும்புத் தகடுகள் இதன் உடலைக் கவசம்போல் மூடியுள்ளன. பாசியைச் சுரண்டித் தின்பதால் கடைக்காரர்கள் இதனை 'டேங்க் கிளீனர்' என்று கூறி விற்கின்றனர்.

இப்பெயரை நம்பி வாங்குவோர் பலர், மீனுக்கு உணவே இடுவதில்லை. தொட்டியில் உள்ள பாசி சில நாள்களில் தீர்ந்துவிடும். பின்னர் மீன் பசியால் மெலியும். சிறிதளவு வேகவைத்த வெள்ளரித் துண்டு, சுரைக்காய், கீரை ஆகியவற்றை இரவில் இடுதல் வேண்டும். மிஞ்சியதைக் காலையில் எடுத்துவிடுக. இம்மீன் கூச்சம் மிக்கது. விளக்கை அணைத்த பின்னரே இரை தேடி வெளியே வரும். எனவே பகலில் ஒளிந்துகொள்ள ஒரு மரத்துண்டும் உடைந்த மண்சட்டியால் அமைந்த சிறு குகையும் தேவை. ஆண் மீன் இத்தகைய குகையில்தான் முட்டைகளைக் காவல் காக்கும். தாய் மீனுக்கு அங்கே வேலையில்லை!

வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுக. குளோரின் கலந்த குழாய்நீரை ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம். சித்தூர்ப் பகுதியின் கோடையில் கூடுதல் கவனம் வேண்டும். நீர் சூடேறச் சூடேற, அதில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். ஆகவே தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்துக் காற்றுக் குழாயை இயக்குதல் நன்று.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவற்றுள் 'பிரிசில்நோஸ்' என்னும் வகை ஏறத்தாழ 12 செ.மீ. அளவோடு நின்றுவிடும். 'சக்கர்' எனப்படும் வகையோ ஒரு முழம் வரை வளரும். குட்டிப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், முதுகுத் துடுப்பு பாய்மரம்போல் உயர்ந்து விரிந்தால் அது பெரிய வகை என்று அறியலாம். வீட்டிற்கு ஏற்றது சிறியதே.

பெரியதை வாங்கியவர், அது தொட்டியில் அடங்காதபோது என் செய்வார்? இரக்கத்தால் குளத்தில் விட்டுவிடுவார். துன்பம் அங்குத்தான் தொடங்குகிறது. இம்மீன் கரைகளைக் குடைந்து வளை அமைத்து முட்டையிடும். நாட்டு மீன்களின் உணவைப் பறிக்கும். முள்ளால் மீனவர் வலையைக் கிழிக்கும். நீர் குறைந்தால் காற்றை விழுங்கியும் உயிர் பிழைக்கும். தெலுங்கில் இதற்குத் 'தெய்யம் சேப்ப', அதாவது பேய்மீன், என்று பெயர். ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தினர், நீரில் கலந்துள்ள மரபுப் பொருளைக் கொண்டே இம்மீனைக் கண்டறியும் முறையை உருவாக்கினர். கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் நீர்நிலைகள் பலவற்றில் இது பரவியிருப்பதையும் கண்டனர்.

காணிப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரை எண்ணிப் பாருங்கள். 'காணி' என்பது உரிமை நிலம். 'பாக்கம்' என்பது ஊர். விநாயகர் கோயிலின் திருக்குளமும் அருகே ஓடும் பாகுதா ஆறும் அவ்வூரின் நீர்நிலைகள். அவற்றில் இம்மீனை விடுவது புண்ணியமாகாது. வளர்க்க இயலாவிடில், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி உடைய ஒருவரிடம், அதன் முழு வளர்ச்சியைச் சொல்லி ஒப்படையுங்கள்.