துணைக்கு ஆளில்லாத வார்டு
கடல் தாண்டிய வேலை – 9

கடலாடியில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூடவே நாலு பேர் போவார்கள். ஒருவர் டீ வாங்க, ஒருவர் மருந்துச் சீட்டோடு ஓட, ராமநாதபுரத்துக்கு எழுதிக் கொடுத்தால் வண்டி பிடிக்க இன்னொருவர். வலி எங்கே, எப்படி வந்தது என்று டாக்டரிடம் சொல்வதுகூட மச்சானோ சித்தப்பாவோதான். சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து சிங்கப்பூர்க் கட்டட வேலைக்கும் ஷிப்யார்டுக்கும் போன பிள்ளைகளுக்கு, அடிபட்டுப் படுக்கும் அன்று இந்த நாலு பேரும் இருக்க மாட்டார்கள்.

குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாவற்றையும் அங்கே நர்ஸ்களே பார்த்துக்கொள்வார்கள். சாப்பாடு சைவமா, ஹலாலா என்று கேட்பார்கள். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்தைச் சுயநினைவோடு இருக்கும் நோயாளியிடம்தான் வாங்குவார்கள். ஊரில் அப்பா என்ன சொல்கிறார் என்பதற்காகக் காத்திருக்க மாட்டார்கள். புரியாவிட்டால், “தமிழ் பேசுறவங்க வேணும்” என்று தயங்காமல் கேட்கலாம். தமிழ் அந்த நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று.

வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்றும் கேட்பார்கள். நம் ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு “பரவாயில்ல” என்பார்கள். அது பொறுமை இல்லை, ஆபத்து. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு கூடும், குறையும்.

இதைவிட முக்கியமானது, எப்படி அடிபட்டது என்ற கேள்விக்குச் சொல்லும் முதல் பதில். “ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு, கம்பெனி பார்த்துக்கும்” என்று சொல்லிக்கொடுக்கிற மேற்பார்வையாளர்கள் உண்டு. அப்படிச் சொல்லாதீர்கள். சாரத்திலிருந்து விழுந்திருந்தால் அதையே, இடத்தோடும் நேரத்தோடும் சொல்லுங்கள். டாக்டர் எழுதிவைக்கும் அந்த வரிதான் பிறகு சாட்சி. சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி மருத்துவச் செலவு முதலாளியுடையது. ஆஸ்பத்திரி தரும் எம்.சி.க்கு, அதாவது மருத்துவ விடுப்புக்கு, முதல் 60 நாள் முழுச் சம்பளம், அதற்குமேல் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. உறுப்பு ஊனமானால் தனி இழப்பீடு. 2020 செப்டம்பரிலிருந்து, வேலையில் அடிபட்டு ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் தெரிவிக்காவிட்டாலும், விபத்து நடந்த ஓராண்டுக்குள் தொழிலாளியே மனுக் கொடுக்கலாம். வழி தெரியாதவர்களுக்கு டிடபிள்யூசி2, ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்புகள் அங்கே உதவுகின்றன.

வேலையில் வராத நோய்க்கும் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு முதலாளி இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 15,000 சிங்கப்பூர் வெள்ளியாக (டாலராக) இருந்த அதன் குறைந்தபட்ச வரம்பு, 2023 ஜூலையிலிருந்து 60,000 வெள்ளி.

வளைகுடாவில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். குடியேற்ற அனுமதி தேவைப்படும் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசியை எடுத்துத்தான் போகிறார்கள். ஆனால் பல வீடுகளில் அதன் நகல்கூட இருப்பதில்லை. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் தரும் காகிதம் அது. மனைவியின் கையில் ஒரு நகல் இருக்கட்டும். கையில் காசில்லாமல் சிக்கியவர்களின் அவசர சிகிச்சைக்கு, 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து நம் தூதரகங்கள் உதவ முடியும். கேட்டால்தான் கிடைக்கும்.

படுத்த நிலையில் ஊர் திரும்புவது தனிப் பாடு. விமானத்தில் பல இருக்கைகளை மடக்கித்தான் ஸ்ட்ரெச்சர் போடுவார்கள். அத்தனைக்கும் கட்டணம் உண்டு. பயணம் செய்யலாம் என்று டாக்டர் எழுதித்தர வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும். அதனால் “முதல்ல ஊருக்கு வந்துரு, இங்க பார்த்துக்கலாம்” என்று வீட்டிலிருந்து அவசரப்படுத்தாதீர்கள். இழப்பீட்டு மனு முடியுமுன் கிளம்பினால், ஊனத்தின் அளவைக் கணிக்கும் பரிசோதனைக்கு இங்கிருந்தபடி அலைவது பெரும்பாடு.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மருந்துப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் சி.டி., எம்.சி. தாள்கள், தகடு வைத்திருந்தால் அதன் விவரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அன்றே படமெடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மதுரை பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.