கொய்யாப் பதியம்

‘கொய்யாப் பழம்’ என்பதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத் தொடராகக் கொண்டு, ‘கொய்யப்படாத பழம்’ எனப் பொருள் கூறி நகையாடுதல் தமிழ் வகுப்பறைகளில் உண்டு. உண்மையில் இம்மரத்தின் தாயகம் அமெரிக்க வெப்பநாடுகளே. போர்ச்சுகீசிய மொழியில் இதன் பெயர் ‘கொய்யாபா’. கடல் கடந்து வந்த இம்மரம் பலவகை மண்ணிலும் வளரும் இயல்பினது. திருவேங்கடம் பகுதிக் கரிசலும் இதற்கு அயலன்று.

பழைய வீட்டை இடித்து மாடி வீடு எழுப்புங்கால், முதலில் கோடரிக்கு இரையாவது கொல்லைப்புற மரமே. பாட்டனார் நட்ட மரத்தின் சுவையை இழக்க மனமில்லாதோர், அதன் விதையை ஊன்றினால் அதே மரம் கிடைக்குமென எண்ணுவர். அஃது அவ்வாறன்று. விதையில் பிறமரத்தின் மகரந்தமும் கலப்பதுண்டு. ஆதலின் சேய் தாயை ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

விதைநாற்றின் இவ்வேறுபாடு நன்மையாய் முடிந்ததும் உண்டு. 1927 ஆம் ஆண்டில் புனேயை அடுத்த கணேஷ்கிண்ட் பழ ஆராய்ச்சி நிலையத்தில், ‘அலகாபாத் சஃபேதா’ நாற்றுகளிடையே சிறந்த ஒன்றைச் சீமா முதலான அறிஞர்கள் தேர்ந்தெடுத்தனர். அதுவே ‘லக்னோ 49’. அந்த ஒரு மரத்தின் பண்பு இன்றளவும் மாறாதிருப்பது, விதையின்றிப் பதியத்தாலும் ஒட்டாலும் பெருக்கியதனாலேயாம்.

வீட்டில் செய்தற்கு எளியது விண்பதியம். வடகிழக்குப் பருவமழைக் காலம் இதற்கு ஏற்றது. நோயற்ற மரத்தில், பென்சில் கனமுள்ள முற்றிய கிளையைத் தேர்க. நுனியிலிருந்து ஏறத்தாழ ஒரு முழம் தள்ளி, 2.5 செ.மீ. அகலத்திற்குப் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்பு நீங்கச் சுரண்டுக. ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவை அவ்விடத்தில் பொதிந்து, பாலிதீன் தாளால் சுற்றி, இருமுனைகளையும் இறுகக் கட்டுக. ஈரம் வெளியேறலாகாது.

இதன் காரணம் எளிது. வேர் உறிஞ்சும் நீர் உள்மரத்தின் வழியே மேலேறும். இலை சமைக்கும் உணவு பட்டையின் வழியே கீழிறங்கும். பட்டையை நீக்கினால் நீர் தடைப்படாது. உணவும் வளர்ச்சிப் பொருள்களும் வெட்டின் மேல்விளிம்பில் தேங்கும். அங்கே ஈரமும் இருளும் கூடியவுடன் வேர் அரும்பும். உள்மரத்தையும் வெட்டிவிட்டால் கிளை வாடிவிடும்.

ஐந்தாறு வாரங்களில் தாளினூடே வெண்வேர்கள் தோன்றும். அப்போது பொதிக்குக் கீழே பாதியளவு வெட்டி, ஒரு வாரம் கழித்து முழுதும் அறுத்தெடுக்க. தாளை நீக்கி, இலைகளைப் பாதியாகக் குறைத்து, தொட்டியில் நட்டு, ஒரு மாதம் நிழலில் வைக்க. பின்னர் 45 செ.மீ. ஆழக் குழியில் தொழுவுரமிட்டு நடலாம். பதியக் கன்றுக்கு ஆணிவேர் இல்லை. ஆகவே காற்றைத் தாங்க ஊன்றுகோல் தேவை. கோடையில் கரிசல் வெடித்து வேரை வாட்டும். அடிமரத்தைச் சுற்றிச் சருகு பரப்புதல் நலம். இரண்டு மூன்று ஆண்டுகளில் தாய்மரத்தின் பழமே மீண்டும் கைக்கு வரும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்தினின்று மனிதரோ பறவையோ விலங்கோ உண்ணின், அஃது அவருக்குத் தருமமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. முன்னோர் நட்ட மரத்தின் சுவையை இழவாது அடுத்த தலைமுறைக்கு அளித்தலும் அத்தருமத்தின் தொடர்ச்சியே. மாணவச் செல்வங்கள் தத்தம் இல்லத்து மூத்த மரத்தில் இம்மழைக்காலத்தில் ஒரு பதியமேனும் இடுவாராக. மரம் வீழ்ந்தபின் இதனைச் செய்தல் இயலாது.