வாக்குப்பெட்டிக்காகப் போரிட்ட நாடு

1948 மார்ச் 1. கோஸ்டாரிகாவில் சில வாரங்களுக்கு முன் நடந்திருந்த அதிபர் தேர்தல் செல்லாது என்று நாடாளுமன்றம் அறிவித்தது. ஜெயித்த ஒட்டிலியோ உலாத்தேவை ஆளும் தரப்பு ஏற்கவில்லை. பண்ணை முதலாளியான ஹோசே ஃபிகேரஸ் ஆயுதம் ஏந்தினார். 44 நாள் உள்நாட்டுப் போர் மூண்டது.

வென்ற ஃபிகேரஸ், அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று தலைநகர் சான் ஹோசேயின் பெய்யாவிஸ்தா படைமுகாமுக்குப் போய்ச் சம்மட்டியால் சுவரை அடித்து, ராணுவத்தைக் கலைப்பதாக அறிவித்தார். அந்த முகாம்தான் இன்றைய தேசிய அருங்காட்சியகம். 18 மாதம் ஆண்டபின், அவர் ஆட்சியை உலாத்தேவிடமே ஒப்படைத்தார்.

ராணுவமில்லாத நாடு என்று கோஸ்டாரிகாவை உலகம் கொண்டாடுகிறது. ஆனால் 1949 அரசியல் சட்டத்தின் பெரிய சாதனை வேறொன்று. போருக்குக் காரணமான வாக்கு எண்ணிக்கையை அது அரசியல்வாதிகளின் கையிலிருந்தே பிடுங்கிவிட்டது. அந்தப் பொறுப்பை ஏற்ற உச்சத் தேர்தல் தீர்ப்பாயத்தின் நீதிபதிகளை நியமிப்பது அதிபரோ நாடாளுமன்றமோ அல்ல, உச்ச நீதிமன்றம். தேர்தல் காலத்தில் காவல்துறையே தீர்ப்பாயத்தின் கட்டளைக்குக் கீழ் வருகிறது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளும் அதனிடமே இருப்பதால் வாக்காளர் பட்டியல் அங்கிருந்தே உருவாகிவிடும்.

அதிபரின் பதவிக்காலம் நான்கு ஆண்டு. முதல் சுற்றில் 40 சதவீதத்துக்கு மேல் வாக்கு கிடைத்தால் வெற்றி. யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்குள் இரண்டாம் சுற்று. பதவி முடிந்தவர் எட்டு ஆண்டு விலகியிருந்துதான் மீண்டும் நிற்கலாம். 1990இல் இறங்கிய ஆஸ்கர் அரியாஸ் 2006இல் திரும்பி வந்தது அப்படித்தான்.

57 உறுப்பினர் கொண்ட ஒற்றை அவைக்கும் தடை உண்டு: தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க முடியாது. இது நாற்காலிப் பிடிவாதத்தைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் நான்கு ஆண்டு அனுபவமும் மொத்தமாக வெளியேறுகிறது. மறுபடி வாக்குக் கேட்க வேண்டாதவர் மக்களுக்குப் பதில் சொல்லவும் வேண்டியதில்லை. இது இந்த அமைப்பின் குறைதான். அதிபருக்குப் பெரும்பான்மை அமைவதும் அரிது. 2018இல் கார்லோஸ் அல்வராடோவின் கட்சிக்கும், 2022இல் ரோட்ரிகோ சாவேஸின் கட்சிக்கும் கிடைத்தவை தலா 10 இடங்களே.

சாமானியர் அதிகம் நாடுவது 1989இல் உருவான அரசியல் சட்ட நீதிமன்றத்தை. மக்கள் அதை ‘சாலா குவார்த்தா’, அதாவது நான்காம் அமர்வு என்கிறார்கள். வழக்கறிஞர் வேண்டாம், சாதாரணக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்து தரும்படி 1997இல் அரசுச் சுகாதாரக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆணையிட்டது இந்த நீதிமன்றம்தான்.

இப்போது இந்தக் கட்டமைப்புக்குச் சோதனைக் காலம். சுமார் 50 லட்சம் பேர் வாழும் நாட்டில் 2023இல் 900க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன; பெரும்பாலும் போதைப்பொருள் கும்பல்களின் வேலை. தேர்தல் தீர்ப்பாயத்தோடும் நீதிமன்றங்களோடும் அதிபர் சாவேஸ் வெளிப்படையாக மோதினார். ஊழல் வழக்கில் அவரை விசாரிக்க வசதியாக, பதவிப் பாதுகாப்பை விலக்கும்படி உச்ச நீதிமன்றம் கேட்டது. 2025 செப்டம்பரில் அவையில் வாக்கெடுப்பு நடந்தது. தேவைப்பட்டவை 38 வாக்குகள், கிடைத்தவை 34. சாவேஸ் பதவியில் தொடர்ந்தார்.