விலை தெரிந்தால் பேரம் பேசலாம்

விளைந்த பொருளை லொறியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோன பின்னர்தான் பல கமக்காரருக்கு அன்றைய விலை தெரியவருகிறது. விலை குறைவென்று மூடைகளைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? வாகனக் கூலி இரட்டிப்பாகும். வியாபாரிக்கு இது நன்கு தெரியும். சொந்தக் காணியை விட்டு வந்து, பிறர் நிலத்தில் பயிரிடும் குடும்பத்தின் நிலை இன்னும் இக்கட்டானது.

இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் சோயா அவரை செய்கைபண்ணியோரும் இப்படித்தான் 'மண்டி' எனப்படும் ஏலச் சந்தையில் காத்திருந்து, கேட்ட விலைக்கு விற்றனர். 2000ஆம் ஆண்டில் ஐ.ரி.சி. என்ற கம்பனி அங்குள்ள கிராமங்களில் கணனிகளை வைக்கத் தொடங்கியது. 'ஈ-சௌபால்' என்பது திட்டத்தின் பெயர். சௌபால் என்றால் ஊரார் கூடிப் பேசும் இடம். கணனி ஊர் விவசாயி ஒருவரின் வீட்டில் இருந்தது. மின்சாரம் தடைப்படும் ஊர்களில் சூரிய ஒளியும், தொலைபேசி வசதி குறைந்த ஊர்களில் செய்மதியும் கைகொடுத்தன.

மண்டி விலையையும் கம்பனி கொடுக்கும் விலையையும் அதில் பார்க்கலாம். வாசிக்கத் தெரியாதவருக்கு அந்த வீட்டுக்காரர் வாசித்துச் சொன்னார். எங்கே விற்பது என்பதை விவசாயி ஊரில் இருந்தபடியே தீர்மானித்தார். கணனி வந்த பகுதிகளில் மண்டி விலையும் 1 முதல் 3 சதவீதம் வரை உயர்ந்ததாக 2010இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கணனி பேரம் பேசவில்லை. விவசாயி வேறிடத்தில் விற்கக்கூடும் என்பதே வியாபாரிகளை விலை கூட்டிக் கேட்க வைத்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே விலை சொன்னதும் கம்பனி, வாங்கியதும் கம்பனி. எனவே ஒருவர் சொல்லும் விலையை மட்டும் நம்பாமல் இரண்டு, மூன்று இடங்களில் விசாரிப்பதே நல்லது.

இன்று இதற்குக் கணனி தேவையில்லை, கைத்தொலைபேசி போதும். பொருளை ஏற்றுமுன் விலையைக் கேளுங்கள். பின்னர் கணக்குப் பாருங்கள். சந்தையில் கிலோ 200 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவைக் கொண்டுசெல்ல 2,000 ரூபா கூலி என்றால், கிலோவுக்கு 20 ரூபா செலவு. கையில் மிஞ்சுவது 180 ரூபா. வீட்டுக்கு வரும் வியாபாரி 180க்கு மேல் தந்தால் கொடுக்கலாம். 150 என்றால் மறுக்கலாம். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே லொறியில் ஏற்றினால் கூலி மேலும் குறையும்.

'முடியாது' என்று சொல்லக்கூடியவருக்கே பேரம் பேசும் பலம் உண்டு. அந்தப் பலம் இந்தச் சிறு கணக்கில் இருக்கிறது.