மாயக் கதையும் மஞ்சள் மண்டியும்

"பறக்கும் குதிரை, பேசும் கிளி, மலைக்குகையில் புதையல்! இவற்றைப் படித்துப் பொழுதைப் பாழாக்கலாமா?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டியிலே மூட்டை தூக்கும் தோழர் கேட்கிறார்; பகுத்தறிவு பேசும் தோழரும் கேட்கிறார். முன்னவர் வயிற்றை எண்ணிக் கேட்கிறார்; பின்னவர் அறிவை எண்ணிக் கேட்கிறார். இரண்டும் நேர்மையான கேள்விகள். இரண்டுக்கும் விடை கூற நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

பகுத்தறிவாளருக்கு முதலில் சொல்வோம். புனைகதை வேறு, புரட்டு வேறு. கதை எழுதுபவன், "இது கதை" என்று சொல்லித்தான் விற்கிறான். புரட்டனோ, "இது நடந்தது, நம்பு, நம்பாவிட்டால் கெடுவாய்" என்று அச்சுறுத்திக் காசு பறிக்கிறான். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை. அந்த மலையிலே சங்கப் புலவர்கள் ஒரு பாவையை நிறுத்தினார்கள். கொல்லிப்பாவை! காண்போரை மயக்கும் அந்தப் பாவையைப் பாடியதால் தமிழன் அறிவு மழுங்கிவிடவில்லை. தமிழ்தான் வளம் பெற்றது.

1726-ல் வெளிவந்த கலிவரின் பயணங்களைப் பாருங்கள். சின்னஞ்சிறு மனிதர்களின் நாடு. அங்கே ஒரு பெருஞ்சண்டை. எதற்காக? முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்பதற்காக! அதற்காக 11,000 பேர் உயிரை விட்டார்களாம். குழந்தைகள் சிரிக்கிறார்கள். நாம் சிரித்துவிட்டுச் சிந்திக்கிறோம். மதச் சண்டையையும் அரண்மனைச் சூதையும் ஸ்விப்ட் இதைவிடக் கூர்மையாக எந்த மேடையில் சாடியிருக்க முடியும்? முட்டைக்காகக் கட்டிப் புரளும் குணம் நம் கிளைக் கூட்டங்களில் தலைகாட்டுவதில்லையா என்றும் தோழர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

1865-ல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன், மனிதரைப் பீரங்கியில் வைத்து நிலவுக்குச் சுடுவதாகக் கதை எழுதினார். அதைப் படித்துக் கனவு கண்டவர்களில் ஒருவர் ரஷ்யாவின் சியால்கோவ்ஸ்கி. காது கேளாமையால் பள்ளிப் படிப்பை இழந்து, மாஸ்கோ நூலகத்திலே தாமே பயின்று, பள்ளி ஆசிரியரானவர். பீரங்கி உதவாது, ராக்கெட்டே உதவும் என்று கணக்குப் போட்டு 1903-ல் வெளியிட்டார். 1969-ல் மனிதன் நிலவில் கால் வைத்தான். கதை விதைத்தது, கணக்கு வளர்த்தது, உழைப்பு அறுவடை செய்தது.

இனி, மூட்டை தூக்கும் தோழருக்கு. சாகசக் கதை நமக்கு அந்நியச் சரக்கல்ல. 1888-ல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதியதுதான் 'மலைக்கள்ளன்'. அவர் காங்கிரஸ்காரர். ஆயினும் 1954-ல் அது படமானபோது வசனம் தீட்டியவர் மு. கருணாநிதி, நடித்தவர் எம்.ஜி.ஆர். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற படம் அது. நல்ல கதைக்குக் கட்சி வேலி இல்லை!

"சோறு போடுமா?" என்கிறீர்கள். நேராகப் போடாது. ஆனால் இருநூறு பக்கக் கதையை ஒரே மூச்சில் படித்த பிள்ளைக்கு, நாளை இரண்டு பக்க ஒப்பந்தம் மலைப்பாகத் தோன்றாது. கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டான். கூலிக் கணக்கைப் பார்க்காமல் பணம் வாங்கமாட்டாள். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அலமாரி நிறையக் கதை. மஞ்சள் வேகவைக்கும் களத்தில் நிற்பவர் பிள்ளைக்குப் பாடப் புத்தகம் மட்டும் போதுமா? கனவு காண்பதிலுமா ஏற்றத்தாழ்வு?

விலை கொடுத்து வாங்க முடியவில்லையா? கவலை வேண்டாம். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. குடிசைக்காரர் கட்டிய காசும் அதிலே அடக்கம். ஆகவே நூலகத்துப் புத்தகம் யாரும் போடும் பிச்சையல்ல. நம் பணம், நம் உடைமை.

1947-ல் பிறந்த அம்புலிமாமா இன்று வருவதில்லை. பிள்ளைகளின் கையில் கைப்பேசி வந்துவிட்டது. அதைப் பிடுங்கி எறிந்தால் அழுகைதான் மிஞ்சும். அதைவிடச் சுவையான ஒன்றைக் கையில் கொடுக்கவேண்டும்.

தோழர்களே! வரும் ஞாயிறன்று பிள்ளையை நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். உறுப்பினராக்குங்கள். கதைப் புத்தகம் இல்லையென்றால் வாங்கி வைக்கும்படி எழுதிக் கொடுங்கள். எழுத்தறியாத முதியவர்க்கு மாலையிலே மன்றத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். உழைத்துக் களைத்த உள்ளமும் ஒருமுறை மலையேறட்டும், நிலவைத் தொடட்டும். அதனால் கொள்கை குறையாது. கொள்கையைத் தாங்கும் உள்ளம் வலுப்படும்.