கூரைமேல் ஒரு புதுத் தொழில்

நெசவாளர் வீட்டு வாலிபன் தறிக்குழியில் இறங்குவதா, வேறு பிழைப்புத் தேடுவதா என்னும் கேள்வி இன்று பல பெற்றோரை வாட்டுகிறது. வானத்தையும் வயலையுமே நம்பியிருக்கும் உழவர் வீடுகளிலும் இதே கவலைதான். தணிக்கைக்காக நாம் சங்கங்களுக்குச் செல்லும்போது, "ஐயா, பையன் சோலார் வேலை கற்றுக்கொண்டால் பிழைப்பானா?" என்று அங்கத்தினர்கள் வினவுகின்றனர். பிழைப்பான் என்பதே நம் விடை. ஆனால் முறையாகக் கற்றிருக்க வேண்டும்.

தொழிலுக்குத் தேவை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்தகடு அமைப்பதைக் குறிக்கோளாகக் கொண்டு, 2024 பிப்ரவரியில் மத்திய அரசு பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. அதில் 3 கிலோவாட் அமைக்கும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வகுக்கப்பட்டது. பாசனப் பம்புசெட்டுகளுக்காகக் குசும் திட்டம் 2019-இல் வந்தது. தகடுகளைத் தொழிற்சாலை செய்துவிடும். அவற்றைக் கூரையில் ஏற்றிப் பொருத்த மனிதக் கைதான் வேண்டும்.

இதற்கென 2015-இல் 'சூர்யமித்ரா' என்னும் பயிற்சி தொடங்கப்பெற்றது. ஹரியானாவிலுள்ள தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் இதனை வகுத்தது. பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன், வயர்மேன் போன்ற பிரிவுகளில் தேறியோர்க்கு 600 மணி நேரப் பாடம். ஏறத்தாழ மூன்று மாதம்.

ஸ்குரூ முடுக்கவா மூன்று மாதம் என்று சிலர் நகைப்பர். கற்க வேண்டியவற்றைச் சற்றுக் காண்போம்.

முதலாவது, இடம் பார்த்தல். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். நம் நாட்டில் தகடு தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருத்தல் நலம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும், அதனுடன் கோத்த வரிசையின் உற்பத்தி குறையக்கூடும். ஏரில் பூட்டிய மாடுகளுள் ஒன்று தளர்ந்தால் உழவே தளர்வது போன்றது இது.

இரண்டாவது, மின்சாரத்தின் குணம். வீட்டில் ஓடும் ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு மீளும். ஆதலால் பொறி எழுந்தாலும் எளிதில் அணையும். தகட்டிலிருந்து வரும் டி.சி. இடைவிடாது பாய்வது, அதன் பொறி அணையாமல் நின்று எரியும். பத்துத் தகடுகளை வரிசையாய்க் கோத்தால் 400 வோல்ட் வரை எழலாம். சுவிட்சை அணைத்தாலும் வெயில் உள்ளவரை தகட்டில் மின்னழுத்தம் உண்டு. மல்டிமீட்டரால் அளந்து பாராமல் கம்பியைத் தொடுவோன் உயிரைப் பணயம் வைக்கிறான்.

மூன்றாவது, பிறர் உயிர். மின்தடையின்போது, மின்வாரியக் கம்பியுடன் இணைந்த இன்வெர்ட்டர் தானே நின்றுவிட வேண்டும். இல்லையேல் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர்மீது மின்சாரம் பாயும். "வெயில் அடிக்கிறதே, கரண்ட் ஏன் இல்லை?" என்று கேட்கும் வீட்டுக்காரருக்கு இதனைப் பொறுமையுடன் விளக்குவதும் தொழிலின் ஒரு பகுதியே.

நான்காவது, கூரை. தளத்தில் துளையிட்டுச் சரிவர அடைக்காது போனால் மழையில் நீர் இறங்கும். கீழே தறியிருந்தால் பாவும் நூலும் பாழ். கூரையிலிருந்து விழுந்தால் குடும்பமே விழும். ஆகவே பாதுகாப்புக் கச்சையும் தலைக்கவசமும் இன்றி ஏறலாகாது.

இவற்றைச் சில நாட்களில் கற்பித்துச் சான்றிதழ் தருவதாகக் கட்டணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கூரையில் ஏறிச் செய்முறைப் பயிற்சி எத்தனை நாள்? தேர்வு நடத்திச் சான்று தருவோர் யார்? முன்பு பயின்றோர் இப்போது எங்கே வேலை செய்கின்றனர்? விடை மழுப்பலாயின் திரும்பிவிடுங்கள்.

தொடக்கத்தில் உதவியாளனாகத் தினக்கூலிக்கே செல்ல நேரலாம். மழைக்காலத்தில் வேலை குறையும். இதனை மறைத்து ஆசை காட்டுவது நம் கடமையன்று. ஆயினும் வயர்மேன் தகுதிச் சான்றும் பெற்று, கணக்கும் எழுதப் பழகியவன், நாளடைவில் தனித்து வேலை எடுத்துச் செய்ய வழியுண்டு.

பயிற்சிக்குச் செல்வோரின் வழிச்செலவுக்கும் கருவிகளுக்கும் சிறு கடன் அளிக்கத் துணைவிதிகள் இடந்தருமா என்று ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் ஆராயட்டும். இடந்தராவிடில் அடுத்த பொதுப்பேரவையில் திருத்தம் கொணரலாம். ஊரில் ஒருவன் முறையாகக் கற்றிருந்தால், சங்கக் கட்டடத்தின் கூரைக்கும் அயலூர் ஆளைத் தேட வேண்டியதில்லை.