லினக்ஸ் என்றால் கதவடைப்பதா?

கோவில்பதாகையில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் அண்மையில் ஒரு தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்க முயன்றார். அவருடைய அண்ணனுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய பழைய மடிக்கணினி அது. விண்டோஸ் பழுதாகிவிட, லினக்ஸ் மட்டுமே இயங்குகிறது. 'உங்கள் இயங்குதளம் ஏற்கப்படவில்லை' என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டு விண்ணப்பத் தளம் நின்றுவிட்டது. கட்டணம் செலுத்த மறுநாள் கடைசி நாள்.

உலாவியின் அமைப்பில் ஒரு வரியை மாற்றினோம். அதே கணினியில், அதே உலாவியில் விண்ணப்பம் திறந்தது, புகைப்படம் ஏறியது, கட்டணமும் சென்று சேர்ந்தது. அப்படியானால், அந்தத் தளம் மறுத்தது எதை?

எந்தவொரு பக்கத்தைக் கேட்கும்போதும் உலாவி தன்னைப் பற்றிய ஒரு சுய அறிமுக வரியையும் சேர்த்தே அனுப்புகிறது. 'யூசர் ஏஜென்ட்' எனப்படும் அதில் உலாவியின் பெயர், பதிப்பு, இயங்குதளம் ஆகியன இருக்கும். புள்ளிவிவரத்துக்கும் பிழையறிவதற்கும் உலாவிக்கேற்பப் பக்கத்தைத் தகவமைப்பதற்கும் இது பயன்படும் என்று 1996-இல் வெளியான எச்டிடிபி 1.0 வரையறை கூறுகிறது. அடுக்ககத்துக் காவலாளியின் பதிவேட்டில் வந்தவரே எழுதும் பெயரைப் போன்றது இது, சரிபார்ப்பார் யாருமில்லை.

இந்த வரி உண்மை பேசி நெடுங்காலமாகிறது. நெட்ஸ்கேப்புக்கு மட்டும் நல்ல பக்கங்களைத் தந்த தளங்களில் நுழைவதற்காக, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 1990-களிலேயே தன்னை 'மொஸில்லா' என்று அறிவித்துக்கொண்டது. இன்றைய குரோமும் அப்படித்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 11 கணினிகூட இவ்வரியில் விண்டோஸ் 10 என்றே பதிவாகிறது.

ஃபயர்பாக்ஸில் 'அபவுட்:கான்ஃபிக்' பக்கத்தில் 'ஜெனரல்.யூசர்ஏஜென்ட்.ஓவர்ரைட்' என்ற பெயரில் சரமொன்றை உருவாக்கி, விண்டோஸ் உலாவியின் வரியை அதில் இட்டால் போதும். குரோமில் உருவாக்குநர் கருவிகளுக்குள் இந்த வசதி உண்டு. கருவிச் சாளரம் திறந்திருக்கும் வரைதான் அது செல்லும். ஆனால், குரோம் தனித் தலைப்பொன்றின் வழியாகவும் இயங்குதளத்தின் பெயரைத் தெரிவிப்பதால், இந்த வித்தை எல்லாத் தளங்களிலும் பலிக்காது. மின்கையொப்பக் கருவிக்கான மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே இருக்குமானால், எந்த வரியை மாற்றியும் பயனில்லை. அங்கே மறுப்புக்குக் காரணம் இருக்கிறது. வெறும் பெயரைப் பார்த்து மறுப்பதற்கு என்ன காரணம்?

அதுவும் தமிழ்நாட்டில்! எல்காட் நிறுவனம் உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007-ஆம் ஆண்டுவாக்கில், சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இடம்பெற்றது. மாணவர் கையில் லினக்ஸைத் தந்துவிட்டு, அதைக் கண்டதும் வாசலை மூடுவது முறையா? தேவைப்படும் வசதி உலாவியில் இருக்கிறதா என்று சோதிப்பதே நிரலாளருக்குரிய வழி. அரசுத் தளங்கள் பல உலாவிகளில் சோதிக்கப்பட வேண்டும் என்று தேசிய தகவலியல் மையத்தின் 2009 வழிகாட்டுதல்களே வலியுறுத்துகின்றன.

இந்த மாற்றத்தில் ஒரு தீங்கும் உண்டு. பெயரை மாற்றி நுழையும் ஒவ்வொருவரும் தளத்தின் கணக்கில் விண்டோஸ் பயனராகவே சேர்கிறார். 'லினக்ஸில் யாரும் வருவதில்லை' என்ற சாக்குக்கு நாமே எண்ணிக்கை சேர்த்துக் கொடுக்கிறோம். ஆகவே, வேலை முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிட்டு, உதவி மையத்துக்கு ஒரு முறையீடும் அனுப்பச் சொன்னேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: 'விண்டோஸ் கணினியைப் பயன்படுத்தவும்.'